கடலில்லாத ஊரின் தூண்டில்காரர்கள்

குளிர்காலத்தில் கடற்கரையில் நின்று காட் மீன் பிடிப்பதற்கு உலகத்திலேயே அதிகத் தகுதியுள்ள ஊர் வெள்ளகோவில்தான் என்று சொன்னால், முதலில் சிரிக்கப்போவது வெள்ளகோவில்காரர்கள்தான். சிரிப்பில் நியாயம் உண்டு. காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும், கடலைப் பார்க்க இருநூறு கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். ஊரில் ஏலம் போவது சூரியகாந்தி விதையும் கொப்பரையும், ஓடுவது விசைத்தறி, கிளுவை வேலிக்குள் மேய்வது காங்கேயம் மாடு. மீன் என்றால் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவது, இல்லாவிட்டால் சந்தையில் கருவாடாகக் குவிந்திருப்பது. காட் மீனோடு ஊருக்கு இருக்கும் ஒரே பழக்கம் மருந்துக்கடையில் விற்கும் மஞ்சள் மாத்திரை. அதற்குள் இருப்பது அந்த மீனின் ஈரல் எண்ணெய் என்பது தெரியாமலே, வெங்காயம்கூடச் சேர்க்காத வீடுகள் டாக்டர் சொன்னார் என்று விழுங்கியிருக்கும். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வதாக இல்லை. தூண்டில்காரருக்கு வேண்டியது கடலா, குணமா என்பதல்லவா கேள்வி? கடலை டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துவிடலாம். குணத்துக்கு பஸ் கிடையாது. அது பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலின் கடைமடையில் இரண்டு தலைமுறை குடியிருந்தால்தான் வரும்.

காட் மீன் பிடிப்பது எப்படிப்பட்ட காரியம் என்று முதலில் பார்த்துவிடுவோம். வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் மீன் அது. முதுகில் மூன்று துடுப்பு, தாடையில் ஒற்றை மீசை, வாயோ எதையும் வேண்டாமென்று சொல்லிப் பழகாத வாய். நண்டு, புழு, சிறுமீன் என்று எல்லாமே உள்ளே போகும். இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கரைகளில் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் குளிரத் தொடங்கியதும் அது கரையோரம் வருவது வழக்கம். கென்ட் பகுதியில் டஞ்சனஸ் என்ற கூழாங்கல் கரை இதற்குப் பேர்போனது. பன்னிரண்டு, பதிமூன்று அடிக் கம்போடு, ஓதம் ஏறும் நேரம் பார்த்து, ராத்திரியில் வந்து நிற்பார்கள். பகலைவிட இரவு நல்லது. அமைதியாகக் கிடக்கும் கடலைவிட, புயல் கலக்கிவிட்டுப் போன கடல் நல்லது. அடியில் கிடந்த புழுவும் சிப்பியும் கிளறிவிடப்பட்டால் மீன் தின்ன வரும். காற்று அடிக்காத குடாவாகப் பார்த்து நிற்பது உடம்புக்குக் காட்டும் சிறு கருணை, அவ்வளவுதான். முள்ளில் புழுவைக் கோத்து, நூற்றைம்பது கிராம் ஈயக் குண்டோடு இருட்டுக்குள் வீசிவிட்டு, கம்பை முக்காலியில் சாய்த்து அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நுனி ஆடினால் மீன், இல்லையென்றால் அலை, அதுவும் இல்லையென்றால் பாசி. ஆடவே இல்லையென்றால் பிளாஸ்க்கைத் திறந்து டீ. விடியும்போது டீயும் புழுவும் தீர்ந்திருக்கும், மீன் பெரும்பாலும் வந்திருக்காது. அடுத்த சனிக்கிழமை அதே ஆள் அதே இடத்துக்கு வருவார். வந்ததற்கு வீட்டில் காரணம் கேட்டால், போன வாரம் காற்றுத் திசை சரியில்லை என்பார்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் மலையிலிருந்து சுரங்கமும் கால்வாயுமாகச் சுற்றி, உடுமலைக்குப் பக்கத்தில் திருமூர்த்தி அணைக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து 124 கிலோமீட்டருக்குப் பிரதான கால்வாய். பாசனம் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் போதாது என்பதால் நிலத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு விட்டால் மற்ற மூன்றும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நிலத்துக்கு முறை திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். முறை வந்த பின்னும் சுற்றுக் கணக்கு உண்டு; இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு. வெள்ளகோவில் கிளை வாய்க்கால் இந்த ஏற்பாட்டின் வால். திருமூர்த்தியில் மதகைத் திறந்து மலர் தூவிய படம் மறுநாள் காலைப் பேப்பரிலேயே வெள்ளகோவிலுக்கு வந்துவிடும். தண்ணீருக்கு அந்த வேகம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு முறை என்றால் ஒன்றரைக்கே மண்வெட்டியும் டார்ச்சும் தலையில் துண்டுமாக மடையில் போய்க் குத்தவைக்க வேண்டும். வாய்க்காலின் அடியில் ஏதாவது பளபளக்கிறதா என்று விவசாயி டார்ச் அடித்துப் பார்ப்பார். பளபளத்தால் தண்ணீர், இல்லையென்றால் பாலிதீன் பை, அதுவும் இல்லையென்றால் கட்டுவிரியன். "மேல தொறந்துட்டாங்களாமுங்க, வந்துருமுங்க" என்று பக்கத்து மடைக்காரர் சொல்வார். வராது. அடுத்த முறைக்கும் இருவரும் அங்கேதான் இருப்பார்கள். டஞ்சனஸ் கரைக்காரருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பாம்பைத் தவிர வேறெதுவும் உடனே சொல்லத் தோன்றவில்லை.

வாய்க்கால் கைவிட்டால் அடுத்து போர். தூண்டில் போடுவது என்றால் என்ன? கண்ணுக்குத் தெரியாத நீரில் ஏதோ இருக்கிறது என்று நம்பி, மெல்லிய ஒன்றை நீளமாக உள்ளே விட்டு, மேலே நின்று காத்திருப்பது. போர் போடுவதற்கும் இதே இலக்கணம்தான். இங்கிலாந்துக்காரர் கைதேர்ந்தவராக இருந்தால் அவர் வீசும் தங்கூசி முன்னூறு, நானூறு அடி போகும். நம்மவர் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டு, ஆழம் பற்றாதோ என்று யோசிப்பார். மீன் வரும் நேரத்துக்கு அவர் ஓத அட்டவணையைப் பார்க்கிறார். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு இவர் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடுகிறார். உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பு வட்டம் போடப்படும். திருச்செங்கோட்டு வண்டி வந்து நிற்கும். குறிப்பிட்ட ஆழம் வரைக்கும் அடிக்கு ஒரு விலை, அதற்குக் கீழே நூறடிக்கு நூறடி விலை ஏறிக்கொண்டே போகும். நம்பிக்கை இறங்க இறங்க ரேட் ஏறும் தொழில் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. புழுதி புகையாகக் கிளம்பும்போது அக்கம்பக்கத் தோட்டத்துக்காரர்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். "இன்னொரு நூறடி உட்டுப் பாருங்க மாப்ளே" என்று ஒருவர் சொல்வார். சொல்கிறவருக்குச் செலவில்லாத நூறடி அது. கடற்கரையிலும் இவர் உண்டு. அங்கே அவர் சொல்வது, "நேற்று வந்திருக்க வேண்டும், நேற்று இங்கே நல்ல மீன்." கடைசியில் தண்ணீர் வந்தாலும் பல இடத்தில் அது உப்பாக இருக்கும். அதனால் ஊருக்குக் கடலே கிடையாது என்று அடித்துச் சொல்வதும் கொஞ்சம் மிகைதான். எண்ணூறு அடிக்குக் கீழே கொஞ்சம் இருக்கிறது.

காத்திருப்பதற்குக் கொக்கைவிடவா, என்று தமிழ் படித்தவர்கள் குறுக்கிடலாம். மூதுரை சொன்ன கொக்காயிற்றே என்று அதற்குத் தனி மரியாதை உண்டு. யோசித்துப் பார்த்தால் கொக்குக்கு என்ன கஷ்டம்? சின்ன மீன் காலடியில் ஓடுவது அதன் கண்ணுக்குத் தெரிகிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டுப் பெரிய மீனுக்கு நிற்கிறது. டிபன் கண்முன் இருக்கும்போது விருந்துக்குக் காத்திருப்பதைப் பொறுமை என்று சொல்லக் கூடாது, அது வசதி. நாற்பது அடி தள்ளி என்ன இருக்கிறது என்றே தெரியாத இருட்டில், வரும் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லாமல் விடியும்வரை தூண்டில்காரர் நிற்கிறாரே, கொக்கு பாடம் படிக்க வேண்டியது அவரிடம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் பொழுதுபோக்குக்காக நிற்கிறார், நம்மவர் பிழைப்புக்காக நிற்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கலாம் என்பதற்குத் தோட்டத்துக் கணக்கே சாட்சி. விசைத்தறியில் வந்த பணமும், மகன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து அனுப்பிய பணமும் போய் முடிகிற இடம் போர்க் குழி. ஓரிடத்தில் சம்பாதித்ததைத் தெரிந்தே இன்னோரிடத்தில் தொலைப்பதற்குப் பொழுதுபோக்கு என்றுதான் உலகம் பெயர் வைத்திருக்கிறது. கொங்குக்காரர் ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்ப்பவராயிற்றே என்பீர்கள். பார்ப்பவர்தான். கல்யாணத்துக்கு எத்தனை இலை விழும், லாரிக்கு டீசல் எவ்வளவு பிடிக்கும், மாட்டுக்குப் புண்ணாக்கு எவ்வளவு ஆகும் என்று எல்லாவற்றுக்கும் விரல் நுனியில் விடை வைத்திருப்பார். தண்ணீருக்குச் செலவழித்ததை மட்டும் கூட்டிப் பார்க்க மாட்டார். தூண்டில்காரரும் கம்புக்கும் புழுவுக்கும் பெட்ரோலுக்கும் ஆனதைக் கூட்டி, பிடித்த மீனால் வகுத்துப் பார்ப்பதில்லை. வகுக்கப் போனால் பல வருஷம் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும், அதைக் கணிதம் அனுமதிப்பதில்லை. ஆனால் மறுப்பில் ஒரு பாதி உண்மை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தறியும் கம்பெனிச் சம்பளமும் இல்லாமல் நிலத்தை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், கடன் வாங்கிப் போட்ட போர் புகைந்துபோனால் அங்கே சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வீடு இந்தக் கட்டுரையின் கேலிக்குள் வராது. கடற்கரையிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. கொஞ்சம் பொறுங்கள், அங்கேதான் போகப் போகிறோம்.

அதற்கு முன், கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்ற அனுபவத்தையும் தகுதிப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். காட் மீனுக்குப் போட்ட முள்ளில் அடிக்கடி மாட்டுவது சிறு சுறா. அதன் தோல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. முள்ளைக் கழற்றுவதற்குள் வாலால் கையைச் சுற்றிக்கொண்டு தோலை உரித்துவிடும். நம் பக்கத்திலும் நீருக்குப் போட்ட தூண்டிலில் வேறொன்று மாட்டியது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை கட்டி முடித்தார்கள். ஆற்று நீரைத் தேக்கிப் பாசனம் செய்வது திட்டம். தேங்கியது திருப்பூர்ச் சாயக் கழிவு. அணை கட்டித் தாருங்கள் என்று மனுக் கொடுப்பதுதான் உலகத்து விவசாயிகளின் வழக்கம். கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று மனுக் கொடுக்க வேண்டிய நிலைமை நொய்யல் விவசாயிகளுக்கு வந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்கு அந்தச் சுறா கையைச் சுற்றிக்கொண்டுவிட்டது.

அதே 1992-இல் கனடாவில் நடந்ததைச் சொன்னால்தான் இந்த ஒப்பீடு முழுக்க விளையாட்டில்லை என்பது விளங்கும். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் கூடையை இறக்கினாலே மீன் ஏறும் என்று, 1497-இல் ஜான் காபட்டின் கப்பல் போய்வந்த பிறகு ஐரோப்பாவில் பேசிக்கொண்டார்கள். அந்த மீன் காட். அதற்குப் பின் நானூறு, ஐந்நூறு வருஷம் கரையோரச் சிறு படகுக்காரர்கள் அதை நம்பியே வாழ்ந்தார்கள். பருவம் வந்தால் மீன் கரை தேடி வரும். போய்த் தேட வேண்டியதில்லை. 1950-களிலிருந்து பெரிய இழுவைக் கப்பல்கள், பிடித்த இடத்திலேயே உறைய வைக்கும் வசதியோடு வந்து நடுக்கடலில் வாரத் தொடங்கின. 1968-இல் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் வாரப்பட்டது. கரைக்கு வர வேண்டிய மீன் வழியிலேயே கப்பலேறிவிட்டது. 1980-களில் கரைக்காரர்கள், மீன் குறைந்துவிட்டது, வருவதும் சிறுத்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினார்கள். அரசு விஞ்ஞானிகள் நம்பியதில் பெரும் பங்கு கப்பல்களின் கணக்குக்கு இருந்தது. மீன் எங்கே கூட்டமாக இருக்கிறதோ அங்கே தேடிப் போய்ப் பிடிப்பது கப்பலின் வேலை. அதனால் கடலில் மீன் தீர்ந்துகொண்டு வந்தபோதும் கப்பலின் கணக்கில் தீரவில்லை. கப்பல் கொடுத்தது புள்ளிவிவரம் என்றும், கரையில் நின்றவர் சொன்னது புலம்பல் என்றும் ஆயிற்று. 1992 ஜூலை 2-ஆம் தேதி மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி காட் மீன்பிடிப்புக்குத் தடை அறிவித்தார். சுமார் முப்பதாயிரம் பேருக்கு வேலை போயிற்று. இரண்டு வருஷத்துக்குத்தான் தடை என்றார்கள். தடை நீங்கியது 2024-இல்.

பெயர்களை மாற்றிப் போட்டால் இந்தக் கதையைக் கடைமடை விவசாயி தூக்கத்திலும் சொல்வார். வழியில் வாய்க்காலை ஒட்டிக் கிணறு வெட்டி, அடியில் குழாய் சொருகி, ராத்திரி மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்பது அவர் பல வருஷமாகச் சொல்லிவரும் குறை. தலைமடைக்காரர்கள் எல்லோரையும் திருடர்கள் என்று சொல்வது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான். அவருக்கும் தென்னை இருக்கிறது, அதுவும் காய்கிறது. கண்ணெதிரே தண்ணீர் ஓடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்ல மனிதர்கள் முனிவர்கள் இல்லை. திருடுபவர் ஒருவர்கூட இல்லையென்று வைத்துக்கொண்டாலும், அத்தனை தூரத்தில் மண்ணும் வெயிலும் குடித்தது போகத்தான் மீதி வரும். ஆனால் தகராறு திருட்டைப் பற்றியது மட்டுமல்ல, அளப்பதைப் பற்றியதும்கூட. மேலே மதகில் இத்தனை கன அடி திறந்தோம் என்று எழுதுகிறார்கள். கீழே எத்தனை கன அடி வந்தது என்பதற்கு டார்ச் வெளிச்சம்தான் சாட்சி. திறந்தது கணக்கில் ஏறுகிறது. வந்து சேராதது கோரிக்கை மனுவில் ஏறுகிறது. நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீன் தீர்ந்த செய்தி முதலில் தெரிந்தது கரைக்காரருக்கு, கடைசியில் தெரிந்தது அரசாங்கத்துக்கு. ஒரு திட்டத்தின் வாலில் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் தலைவலி தலைக்கு முன்பே தெரிந்துவிடும்.

காத்திருப்பில் யார் பெரியவர் என்ற போட்டியையும் இங்கேயே முடித்துவிடலாம். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் உத்தமபாளையத்தில் வட்டமலைக்கரை ஓடை அணை இருக்கிறது. கரை உண்டு, மதகு உண்டு, நீர்மட்டம் பார்க்க அளவுகோலும் உண்டு. தண்ணீர் மட்டும் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக இல்லாமலே இருந்தது. சீமைக் கருவேலம் முளைத்தது, ஆடு மேய்ந்தது, காய்ந்த அணைக்குள் விவசாயிகள் அகல் விளக்கு ஏற்றி வேண்டிக்கொண்டார்கள். 2021 கடைசியில் பி.ஏ.பி. தண்ணீர் அதற்குள் திறந்துவிடப்பட்டது. கனடாக்காரர்கள் காத்திருந்தது 32 வருஷம், நாம் ஏறத்தாழ 25. வருஷக் கணக்கில் அவர்கள் முந்திவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அவர்களுக்கு அரசாங்கம் தடை என்று எழுதிக் கொடுத்திருந்தது. நமக்கு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் வரும் என்று நம்பியே காத்திருந்தோம். கிடைத்ததிலும் இரு தரப்பும் சமம்தான். எட்டு லட்சம் டன் வாரிய கடலில் 2024-இல் திரும்ப அனுமதித்தது 18,000 டன். கடைமடைப் பாஷையில் அதற்கு வாய்க்காலை நனைத்துவிட்டுப் போவது என்று பெயர்.

குளிரை என்ன செய்வது என்று யாராவது கேட்கலாம். வெள்ளகோவிலின் உண்மையான பலவீனம் அது ஒன்றுதான். மார்கழியில் இருபது டிகிரிக்கே காது மூடும் குல்லாயும் மப்ளருமாகத் தெருவில் நடக்கும் ஊர், ஐந்து டிகிரியில் கடற்கரையில் நின்றால் என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு குல்லாய் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கிலாந்தின் தென்கரையில் இப்போது குளிர்காலக் காட் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் கடல் சூடானதும் காரணங்கள். ஆள் மட்டும் இன்னும் போகிறார். அவருக்குத் துணை தேவைப்பட்டால் எந்த ஊருக்குக் கடிதம் போட வேண்டும் என்பது இந்நேரம் நிறுவப்பட்டிருக்கும். நீர்வளத் துறைக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அடுத்த சுற்றுக்குத் திருமூர்த்தியில் மதகைத் திறக்கும் முன், வெள்ளகோவில் கிளை வாய்க்காலின் கடைசி மடையில் ஓர் அளவுகோல் நட்டு, அங்கே எழுதும் எண்ணையும் மதகில் எழுதும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேப்பரில் போடுங்கள். அதைப் படித்து எழுதச் சம்பளத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ராத்திரி முறைக்கு வரும் விவசாயிகளே தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுப்பார்கள்.